உப்புப் போடாத கஞ்சி

“நீர் சொல்லுறதை நம்ப ஏலாது, பிள்ளை. உப்பில்லாமல் சாப்பிடுற ஆளின்ர கால் இப்பிடி வீங்காது.”

கிளினிக்கில் இருந்த தாதி இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அம்மாவின் கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்துவிட்டு, விழுந்த குழியைப் பார்த்தபடியே சொன்னார். குழி உடனே நிரம்பவில்லை. தாதி, நான், அம்மா மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வீட்டில ஆர் சமையல்?”

“நான்தான், மிஸி. ரெண்டு மாதமா நான்தான். உப்புப் போத்தலைக் கையால தொடுறேல்ல.”

“அப்ப, நீர் வேலைக்குப் போனாப் பிறகு அம்மா என்ன செய்யிறா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மேசையில் இருந்த டொக்டர் அம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். மாரி காலத்தில் பிரஷர் அடங்கியிருந்தது, தைக்குப் பிறகு ஏறிக்கொண்டே போகிறது, அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வாட்டில் மறித்து வைத்துக்கொள்ள வேண்டிவரும் என்றார்.

பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். எங்கள் தீவில் புளியங்கூடலுக்கு வருவதற்குள் ஒரே ஒரு வசனம் பேசினார்.

“நான் ஒளிச்சு ஒண்டும் தின்னேல்ல.”

நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கண்டுபிடித்த சூப்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கிளினிக் பஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு என்ன சமைத்துக் கொடுக்கிறீர்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். பெருமையோடு செய்த சாமான் அது.

டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன அன்றே குசினியை நான் என் கைக்கு எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். ஓலெவல், ஏலெவல், பிறகு கம்பஸ். ஒழுங்கைக்குள் யாருக்குக் கடிதம் வந்தாலும், யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் எங்கள் படலையைத்தான் திறப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு ஒரு சூப் பெரிய விஷயமா?

கால் சுண்டு சிவப்புப் பச்சையரிசியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்வேன். ஒரு பிடி பயறு. ஆறேழு பல்லு உள்ளி. இவற்றை நிறையத் தண்ணீரில் அவியவிட்டு, பாதி வெந்ததும் பூசணி, கரட், பயற்றங்காய் எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போடுவேன். மிளகும் நற்சீரகமும் பொடித்துப் போடுவேன். கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கையிலை. இறக்கியபின் ஒரு மூடி தேங்காய்ப்பால், அரைத் தேசிக்காய்ப் புளி.

உப்பில்லாத சாப்பாட்டில் ருசி வேண்டுமென்றால் நன்றாக வற்றவிட வேண்டும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஐந்து கோப்பைத் தண்ணீர் வைத்தால் இரண்டு கோப்பை வரும்வரை அடுப்பை அணைக்க மாட்டேன். பூசணி கரைந்து, அரிசி குழைந்து, சட்டியின் ஓரத்தில் மஞ்சளாய்ப் படிந்திருக்கும். அம்மாவுக்குக் காலையிலும் இரவிலும் அதுதான். கறியும் சோறும் மத்தியானம் மட்டும்.

நான் அதைச் சூப் என்பேன். அம்மா கஞ்சி என்பார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன, இண்டைக்கும் படிச்ச கஞ்சியோ?” என்பார்.

முதல் மாதம் கால் வீக்கம் குறையவில்லை. மத்தியானச் சோற்றையும் நிறுத்தி, மூன்று வேளையும் சூப் ஆக்கினேன். இரண்டாம் மாதம் வீக்கம் கூடியது.

அலுமாரிக்குள் உப்பு

கிளினிக்கிலிருந்து வந்த அன்று பின்னேரம் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைவுகளை எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டபின் வெட்கத்துக்கு விலக்குக் கொடுக்க முடியாது.

குசினியைச் சோதித்தேன். கருவாட்டுப் பேணி வெறுமையாக இருந்தது, மணந்தும் பார்த்தேன். ஊறுகாய்ப் போத்தலில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு ஒரு நூலைக் கட்டினேன். மிளகாய்த்தூள் பேணிக்குள் கரண்டியை விட்டுக் கிளறினேன். கடைசியில் உப்புப் போத்தலை எடுத்துப்போய் அறைக்குள் இருந்த அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். என் சான்றிதழ்கள் இருக்கும் தட்டு அது.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைக் கள்ளி ஆக்கிப்போட்டாய் என்ன?”

“உங்கட நன்மைக்குத்தான், அம்மா.”

“படிவம் நிரப்புற மாதிரி என்னையும் நிரப்புறாய். நிரப்பு.”

அப்பா தெற்கே ஒரு பட்டணத்தில் கடையொன்றில் நின்றவர். நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். அதன் பிறகு அம்மா பனையோலைப் பெட்டி இழைத்தும், பிறர் தோட்டத்தில் வெங்காயம் நட்டும்தான் என்னைப் படிப்பித்தார். அந்தக் காலங்களில் அம்மா என்னிடம் ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாய் என்று சோதனை வைத்ததில்லை. நான் சொன்னதை அப்படியே நம்புவார்.

இதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நூல் கட்டிய போத்தலைத்தான் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஒரு மயிரளவும் இறங்கவில்லை. அது எனக்கு நிம்மதியைத் தரவில்லை, எரிச்சலைத்தான் தந்தது. அப்படியானால் உப்பு எங்கிருந்து போகிறது?

இந்தக் கேள்வியை முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதுவரை ‘யார்’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெயந்தியின் நாக்கு

எங்கள் பிரதேச சபை அலுவலகத்தில் எனக்கு அடுத்த கதிரை ஜெயந்தியுடையது. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வேலை கிடைத்து வந்தவள். தீவுப்பகுதி வெயில், காற்று, கருவாட்டு மணம் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே திட்டுவாள். அலுவலகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில் அறையெடுத்து இருந்தாள். சனிக்கிழமையானால் அடுப்பு மூட்டாமல் பாண் சாப்பிடுவாள்.

அந்த வாரம் ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சியதில் மிச்சத்தைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுபோனேன். ஜெயந்தி மணத்துக்கே திரும்பினாள்.

“என்னங்க அக்கா அது? மிளகு வாசம் ஆளைத் தூக்குது.”

“அம்மான்ர சூப். உப்பில்லை. உமக்குப் பிடிக்காது.”

“ஒரு கரண்டி குடுங்க பாப்போம்.”

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னொரு கரண்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

“உப்பு போடலைன்னு சொன்னீங்க?”

“போடேல்ல.”

“சும்மா சொல்லாதீங்க. நல்லாவே உப்பா இருக்கு. எங்க வீட்டுல இப்பிடி வச்சா அப்பா தட்டைத் தள்ளி வச்சிருவாரு.”

“ஜெயந்தி, நான் உப்பை அலுமாரியில பூட்டி வைச்சிட்டு வந்திருக்கிறன்.”

“அப்ப யாரோ சாவி வச்சிருக்காங்க, அக்கா!” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கி நானும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். எனக்கு அது சப்பென்றுதான் இருந்தது. மீண்டும் ஒரு கரண்டி. சப்பென்றுதான். ஒரே பெட்டி, ஒரே கரண்டி, இரண்டு நாக்குகள்.

கம்பஸ் விடுதியில் என்னோடு அறையில் இருந்தவர்கள் எனக்கு வைத்த பட்டம் ஞாபகத்துக்கு வந்தது: உப்புராணி. ஒளித்து வைத்திருந்த மின் அடுப்பில் என் முறைக்கு நான் ஏதும் காய்ச்சினால் எல்லோரும் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். எனக்கு ருசி தெரியவில்லை என்று கேலி செய்கிறார்கள் என நினைத்து ஒரு மாதம் சமைக்காமல் வீம்புக்கு இருந்தேன். விடுதிக் குழாய்த் தண்ணீரில் காய்ச்சிய எதுவும் எனக்குப் போதவில்லை, அதனால் உப்பை அள்ளிப் போட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

எதற்குப் போதவில்லை? வீட்டுச் சமையலோடு ஒப்பிட்டால். வீட்டில் என்ன இருந்தது, விடுதியில் என்ன இல்லை?

அன்று பின்னேரம் வரை ஒரு கோப்பும் என் மேசையைவிட்டு நகரவில்லை.

கிணறுகளைப் பற்றிக் கொஞ்சம்

எங்கள் பக்கத்துக்கு வராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தீவில் தண்ணீர் இரண்டு சாதி. குடிக்கிறது நல்லதண்ணீர், அது பவுசர் லொறியில் வரும், அல்லது தூரத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் பிளாஸ்டிக் கானில் வரும். மற்றது வளவுக் கிணற்றில் இருக்கும், வாயில் கரிக்கிற சவர்த்தண்ணீர். குளிக்க, தோய்க்க, செடிக்கு ஊற்ற, பாத்திரம் கழுவ.

கிணற்றுக்குக் கிணறு வித்தியாசம் உண்டு. ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் சவர், அந்தப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. ஒழுங்கைச் சனங்களுக்கு எந்தக் கிணறு எப்படியென்று மனப்பாடம். பெண் பார்க்கப் போகிறவர்கள் வளவைச் சுற்றிப் பார்க்கிற சாட்டில் கிணற்றில் ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டுத்தான் வந்து கதிரையில் இருப்பார்கள் என்று மாமி சொல்வார். “உன்னைப் பாக்க வாறவை உங்கட கிணத்தில வாய் வைச்சா அப்பிடியே திரும்பிப் போயிடுவினம்” என்பதும் அவர் சொல்வதுதான்.

மாரியில் மழை ஊறி எங்கள் கிணறு ஓரளவு இனிக்கும். தை பிறந்து, மாசி கழிந்து, பங்குனி வெயில் ஏற ஏற, தண்ணீர் கீழே போகும், சவர் மேலே வரும்.

இத்தனையும் தெரிந்தவர்கள்தான் நாங்கள். சவர்த்தண்ணீரில் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்க மாட்டோம். ஆனால் சமையல்? அது எந்தச் சாதிக்குள் வரும் என்று யாரும் நின்று யோசித்ததில்லை. நல்லதண்ணீர் குடிக்க. சமைக்கிறது கிணற்றிலிருந்து. அரிசி கழுவின வாளிதானே, அதையே உலைக்கும் வைப்பது. அம்மா அப்படித்தான் செய்தார். குசினியைக் கைக்கு எடுத்த நானும் அப்படித்தான் செய்தேன். செய்முறையைக் கைபேசியில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அரிசி கால் சுண்டு, பயறு ஒரு பிடி, தண்ணீர் ஐந்து கோப்பை. எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை.

ஐந்து கோப்பைச் சவர்த்தண்ணீரை இரண்டு கோப்பையாக வற்றவைத்து, மூன்று வேளை, பிரஷர்காரிக்கு.

இரண்டு சட்டி, இரண்டு தட்டு

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையிலேயே இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்து, ஒன்றில் ஒரு கோப்பைக் கிணற்றுத் தண்ணீரும், மற்றதில் ஒரு கோப்பைப் பவுசர் தண்ணீரும் விட்டு, வளவில் வெயில் விழும் இடத்தில் வைத்தேன். தூசி விழாமல் பழைய நுளம்புவலைத் துண்டொன்றால் மூடினேன்.

மாமி வேலிக்கு மேலால் கேட்டார்: “என்ன பிள்ளை, தண்ணியைக் காயப் போடுறாய்? வத்தலோ?”

“ஓம் மாமி. பொரிச்சுத் தாறன்.”

“இது படிப்புக் கூடின வருத்தம்” என்று தன் வளவுக் கோழிகளுக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு அடுப்பில் இரண்டு சட்டி. ஒரே அளவு அரிசி, ஒரே அளவு பயறு, ஒரே பூசணியின் இரண்டு துண்டுகள். தண்ணீர் மட்டும் வேறு. பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் எத்தனை விஷயங்களைப் பாராமல் இவ்வளவு காலம் சமைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. நல்லதண்ணீர்ச் சட்டியில் பயறு சீக்கிரமாகவே வாய் பிளந்தது. மற்றதில் கல்லுப்போல் கிடந்தது. பயறென்றால் அவிய நேரமெடுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பயறுதான் நேரமெடுக்கும் போலிருக்கிறது.

அம்மா மூன்று நாட்களாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் இரண்டு சட்டியைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஆருக்கு மற்றது?”

“ரெண்டும் உங்களுக்குத்தான். குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ.”

நல்லதண்ணீர்ச் சூப்பை ஒரு மிடறு குடித்துவிட்டு, “இதென்ன, வாய் கழுவின மாதிரிக் கிடக்கு” என்றார். கிணற்றுத் தண்ணீர்ச் சூப்பைக் குடித்துவிட்டு, “இது பரவாயில்லை” என்றார். பிறகு மறுபடி முதலாவதை எடுத்தார். “ஆனா பூசணி இனிக்குது, என்ன?”

நானும் குடித்தேன். ஓம், இனித்தது. பூசணிக்கு இப்படி ஒரு இனிப்பு உண்டென்று எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்ததே இல்லை.

பின்னேரம் வலையை எடுத்தோம். பவுசர் தட்டில் ஒரு மெல்லிய வட்டக் கறை. கிணற்றுத் தட்டின் அடி முழுவதும் வெள்ளையாய்ப் பொருக்கு வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

அம்மா குந்தியிருந்து, ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு” என்றார்.

“உப்பும் இருக்கு, வேற ஏதேதோவும் இருக்கு.”

“அப்ப நான் பொய் சொல்லேல்லத்தானே?”

“இல்லை, அம்மா.”

“நீதான் எனக்கு உப்புக் காய்ச்சித் தந்திருக்கிறாய். மூண்டு நேரமும்.”

“ஓம், அம்மா. நான்தான்.”

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து உப்புப் போத்தலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கும் சொற்கள் எங்கள் வீட்டில் பழக்கத்தில் இல்லை. அம்மா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அங்கயே கொண்டுபோய் வை. சேட்டிபிக்கட்டுகளோட இருக்கட்டும். அதுவும் பாஸ் பண்ணியிருக்கு.”

அன்றுதான் மூன்று நாட்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

டொக்டர் சொன்னதும் சொல்லாததும்

அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பொருக்கைச் சுரண்டி ஒரு சின்னக் குளிசை உறையில் போட்டுக் கொண்டுபோனேன். டொக்டர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதுதான் காரணம் என்று அவரால் சொல்ல இயலாது, சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், குளிசையிலும் ஒன்றை மாற்றுகிறேன் என்றார். ஆனால் சமையல் தண்ணீரை மாற்றியது சரி, அப்படியே தொடருங்கள் என்றார். வாட்டைப் பற்றிப் பேசவில்லை.

தாதி அம்மாவின் கணுக்காலை அழுத்தினார். குழி விழத்தான் செய்தது. ஆனால் முன்னையைவிட ஆழம் குறைவு.

“உமக்கு ஒரு சொல்லுச் சொன்னனான் அண்டைக்கு” என்றார் தாதி என்னிடம்.

“நீங்கள் என்னைச் சொன்னனீங்கள். நான் அம்மாவைச் சொன்னனான்” என்றேன்.

வரிசையில் வாங்கில் இருந்தவர்களிடம் நான் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கியது அன்றுதான். “அம்மா, எந்தத் தண்ணியில சமைக்கிறனீங்கள்?” முதலில் ஏதோ அரசாங்க விசாரணை என்று பயந்தார்கள். பிறகு சொன்னார்கள். ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் கிணற்றில். “குடிக்கிற தண்ணியைச் சோத்துக்கு வார்த்தா, ஐயோ, குடிக்கிறதுக்கு எங்க போறது?” என்று ஒரு முதியவர் என்னிடமே திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்வி. நாங்களே அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தோம். பவுசர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வீட்டுக்கு இரண்டு கான். அதில் சமையலும் என்றால் அடுத்த நாள் மத்தியானத்தோடு கான் காய்ந்துவிடும். வேலைக்குப் போகும் முன் நான் சைக்கிளில் தூரத்துக் கிணற்றுக்குப் போய்வந்தேன். எனக்குக் காலும் சைக்கிளும் இருந்தன. அந்த முதியவருக்கு இரண்டும் இல்லை.

சூப்பின் செய்முறையைத் திருத்தியாயிற்று. ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் செய்முறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே பவுசரை அனுப்பும் பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதினேன். கிளினிக் கொப்பி உள்ளவர்கள் இருக்கும் வீடுகளுக்கு வெயில் காலத்திலாவது ஒரு கான் கூடுதலாக வேண்டும், கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்துத் தர வேண்டும், இவ்வளவுதான் கேட்டது. ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் கையெழுத்து வாங்கியது நானில்லை, அம்மா. வீங்கின காலோடு, நின்று நின்று போனார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு மனுவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஒப்புவித்தார். மாமி மட்டும், “பிறகு ஏதும் பிரச்சினை வராதே?” என்று கேட்டுவிட்டு, தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார்.

போன திங்கட்கிழமை அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் வேலை செய்யும் அதே அலுவலகத்துக்கு, முன்வாசலால், அம்மாவோடு போனேன். மக்கள் நிற்கும் வரிசையில் நின்றேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஜெயந்தி.

“என்னங்க அக்கா, உள்ள வந்து குடுத்தா முடிஞ்சுதே?”

“உள்ளுக்க வந்தா அது என்ர வேலை. வெளியில நிண்டா அது எங்கட அலுவல். பதிவு போடும்.”

அவள் மனுவை வாங்கினாள், பக்கங்களைப் புரட்டினாள், கையெழுத்துகளைப் பார்த்தாள். பிறகு முத்திரையை எடுத்து மையில் ஒற்றினாள். அம்மா கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“வடிவாக் குத்து, பிள்ளை” என்றார். “திகதி தெரியிற மாதிரி.”